கட்டுப்பாடு கவுண்டரில் இருக்கிறது

“ஜப்பான்காரனும்தான் குடிக்கிறான். ஆனா கட்டுப்பாட்டோட குடிக்கிறான். நம்மாளுக்கு அது வராது.”

டோக்கியோவில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறேன் என்று தெரிந்ததும் ஊரில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். குடியையே தொடாத மாமா சொல்கிறார். வாரத்தில் நான்கு நாள் குடிக்கிற கல்லூரி நண்பன் சொல்கிறான். பத்து நாள் சுற்றுலா வந்துபோன இலக்கிய நண்பர் ஒருவர், நின்றுகொண்டு குடிக்கும் கடை ஒன்றில் முக்கால் மணி நேரம் இருந்துவிட்டு, அதில் ஜென் இருக்கிறது என்று மூன்று பக்கம் எழுதினார். இக்கிகாய், வாபி-சாபி வகையறாப் புத்தகங்களைப் படித்துவிட்டு விமானம் ஏறுகிறவர்களுக்கு ஜப்பானில் எதைப் பார்த்தாலும் தத்துவம். டீ குடித்தால் தத்துவம், செருப்பைத் திருப்பி வைத்தால் தத்துவம், கால் கடுக்க நின்று சாகே குடித்தால் மகா தத்துவம்.

இந்த வாக்கியம் பொய் என்பது என் முதல் வாதம். அதனால் கெடுதல் உண்டு என்பது இரண்டாவது. அதைச் சொல்கிறவர் ஜப்பானைப் புகழ்வதாக நினைத்துக்கொள்கிறார். உண்மையில் தன் தெருவில் குடிக்கிற ஆளைத் திட்டுகிறார்.

முதலில் அந்தக் கடையைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய மொழியில் ‘தாச்சினோமி’ என்றால் நின்று குடிப்பது; அப்படிக் குடிக்கிற கடைக்கும் அதே பெயர்தான். டோக்கியோவில் ஷிம்பாஷி, அகாபானே, ஒசாகாவில் தென்மா, கியோபாஷி என்று ரயில் நிலையங்களை ஒட்டிய சந்துகளில் நிறைய இருக்கின்றன. நம்மூர் டீக்கடை அளவு இடம். நீளமாக ஒரு கவுண்டர், தோளோடு தோளாகப் பத்துப் பதினைந்து பேர், நாற்காலி கிடையாது. சுவர் முழுக்கக் காகிதப் பட்டைகளில் பண்டத்தின் பெயரும் விலையும் எழுதி ஒட்டியிருக்கும். கூட்டம் கூடினால் எல்லோரும் ஒரு தோளை முன்னால் விட்டுப் பக்கவாட்டில் திரும்பி நிற்பார்கள். 1951-ல் உருவான டார்க் டக்ஸ் என்ற பாடகர் குழு மேடையில் அப்படி நிற்கும் என்பதால் அந்த நிலைக்கே அவர்கள் பெயர் வந்துவிட்டது. புதிதாக ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்ததும் பத்துப் பேரும் அரை அடி திரும்புவதைப் பார்க்க வேண்டுமே, அவ்வளவு அழகு.

நான் வழக்கமாக வாங்குவது அரைக் கோ சாகே. ‘கோ’ என்பது ஜப்பானின் பழைய முகத்தலளவை, ஏறக்குறைய 180 மில்லி. அரைக் கோ என்றால் 90. குளிர்காலமாக இருந்தால் அதைத் தகரக் குவளையில் ஊற்றி வெந்நீர்த் தொட்டியில் இறக்கிச் சூடாக்கித் தருவார்கள். கூட ஒரு சின்னத் தட்டு. குளிர்ந்த தோஃபுவின் மேல் இஞ்சித் துருவல், வெங்காயத்தாள், மெலிசாகச் சீவிய கட்சுவோ. இந்தக் கட்சுவோவைக் கண்டு யாரும் மிரள வேண்டாம், நம் மாசிக் கருவாட்டுக்குச் சொந்தக்காரன்தான். அப்புறம் நிகோமி, குடலை மிசோவில் மணிக்கணக்காகக் கொதிக்கவிட்டது. போட்டி சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு அறிமுகமே தேவைப்படாது. சாஷிமிக்கு அழகாக வெட்டியது போக மிஞ்சிய சூரை மீன் துண்டுகள், உருளைக்கிழங்கு சாலட், கணவாயை அதன் குடலோடு சேர்த்து உப்பில் ஊறவைத்த ஷியோகரா. இந்த ஷியோகராவைக் குச்சி நுனியில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்து, உப்பு கரைவதற்குள் ஒரு வாய் சாகே விட வேண்டும். அரிசிக்குள் இருக்கிற இனிப்பு அப்போதுதான் வெளியே வரும். வெறும் வயிற்றில் வெறும் சாகே குடித்தால் அந்த இனிப்பு கடைசிவரை தெரியாது.

ஜப்பானிய மொழியில் மீனுக்குச் சொல் ‘சகானா’. அந்தச் சொல்லின் பழைய பொருள் மதுவோடு உண்ணும் பண்டம். ‘சகா’ என்றால் சாகே, ‘னா’ என்றால் தொடுகறி. மதுவோடு அதிகம் உண்டது மீன் என்பதால் காலப்போக்கில் மீனுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நாம் அதைச் ‘சைடிஷ்’ என்கிறோம். பேரிலேயே ஓரமாகத் தள்ளியாயிற்று.

இதில் எங்கே ஜென் இருக்கிறது? வரலாற்றைப் பார்த்தால் லைசென்ஸும் கூலியும்தான் இருக்கின்றன. 1596-ல் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், தொடங்கிய தோஷிமாயா என்ற மதுக்கடை சாகேயை வாங்கிய விலைக்கே விற்று, காலிப் பீப்பாய்களை விற்று லாபம் பார்த்தது என்பார்கள். கூடவே மிசோ தடவிச் சுட்ட தோஃபுவும் விற்றது. வாங்க வந்தவர்கள் அங்கேயே நின்று குடித்தார்கள். இன்று இஸகாயா என்று உலகம் முழுக்கத் தெரிந்த சொல்லுக்குப் பொருளே ‘இருந்து குடிக்கிற மதுக்கடை’. வாங்கிக்கொண்டு போகாமல் அங்கேயே இருந்தவர்களால் வந்த பெயர்.

இதன் இன்னொரு கிளை ‘காகு-உச்சி’. மதுக்கடையில் பாட்டில் வாங்கி அந்தக் கடையின் மூலையிலேயே நின்று குடிப்பது. கியூஷு தீவின் வடக்கே இருக்கிற கிட்டாக்கியூஷு நகரம் இதற்குப் பேர்போனது. அங்கே 1901-ல் யவாத்தா இரும்பாலை ஓடத் தொடங்கியது. ஷிஃப்ட் முறை வேலை. இரவு ஷிஃப்ட் முடித்த ஆள் காலையில் வெளியே வந்தால் சாப்பாட்டுக் கடைகள் திறந்திருக்காது, மதுக்கடை திறந்திருக்கும். விற்பனை லைசென்ஸ் மட்டும் வைத்திருக்கிற கடையில் சமைக்கவோ பரிமாறவோ கூடாது. ஆகவே டின் மீனும் காய்ந்த கணவாயும்தான் தொடுகறி. நாற்காலி போட்டால் அது உணவகமாகிவிடும், இடமும் இல்லை, வாங்கிப் போட லாபமும் இல்லை. நின்றார்கள். இதைத் தியானம் என்று எழுதுகிறவர் எட்டு மணி நேரம் உலை முன்னால் நின்றவனின் காலைப் பற்றி யோசிக்கவே இல்லை.

நான் சாஃப்ட்வேர் எழுதுகிறவன். ஒரு சிஸ்டத்தில் ஆயிரம் பேர் ஒரே மாதிரி நடந்துகொண்டால் அந்த ஆயிரம் பேரின் குணத்தை ஆராய மாட்டேன், சிஸ்டம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பேன். அப்படிப் பார்த்தால் தாச்சினோமியில் நான்கு விஷயங்கள் தெரிகின்றன.

முதலாவது அளவு. ஒரு கோ, அரைக் கோ, சில கடைகளில் இன்னும் சின்னக் கிளாஸ். ஒரு பாட்டில் முழுசாக வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால், அரிசியைப் பாதிக்கு மேல் தீட்டித் தள்ளிவிட்டுக் காய்ச்சிய விலை உயர்ந்த தைகிஞ்ஜோவையும் ஒரு கூலித் தொழிலாளி ஒரு கிளாஸ் ருசித்துவிட முடிகிறது.

இரண்டாவது காசு. பல கடைகளில் தட்டு வந்ததும் காசு கொடுத்துவிட வேண்டும். சிலர் ஆயிரம் யென் நோட்டை ஒரு சின்னத் தட்டில் போட்டுத் தங்கள் முன்னால் வைத்துவிடுவார்கள். கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு சில்லறையை அதிலேயே போடுவார். எவ்வளவு குடித்தோம் என்பது கண்ணெதிரே நாணயமாகக் குறைந்துகொண்டே வரும். இதைவிட நல்ல டேஷ்போர்டை என் ஆபீசில் யாரும் எழுதியதில்லை.

மூன்றாவது தட்டு. உட்கார்ந்து குடிக்கிற இஸகாயாக்களில் நாம் கேட்காமலேயே ஒரு கிண்ணம் வைத்து அதற்குக் கட்டணம் போடுவார்கள். தாச்சினோமிகளில் பெரும்பாலும் அது இல்லை. இரண்டு மூன்று நாணயத்துக்கு ஒரு தட்டு கிடைக்கும். வயிற்றில் ஏதாவது போட்டுக்கொண்டு குடிப்பதற்குப் பணக்காரனாக இருக்க வேண்டியதில்லை.

நான்காவது வெளிச்சமும் பக்கத்து ஆளும். நிற்கிறவனுக்குத் தன் கால் தள்ளாடத் தொடங்குவது உடனே தெரியும். அவனுக்குத் தெரியாவிட்டாலும் அவன் தோளில் உரசிக்கொண்டு நிற்கிறவனுக்குத் தெரியும். கடைக்காரர் “இன்னைக்குப் போதும்” என்று சொன்னால் அது வேலை செய்கிறது, ஏனென்றால் நாளைக்கும் அங்கேதான் வர வேண்டும். முப்பது, நாற்பது நிமிஷத்தில் ஆள் கிளம்பிவிடுகிறார். ரயில் இருக்கிறது, கால் வலிக்கிறது, தட்டில் காசு தீர்ந்துவிட்டது. இதில் எதுவுமே ரத்தத்தில் வந்த குணம் இல்லை.

சந்தேகம் இருந்தால் அதே மனிதர்களை இந்தக் கவுண்டரிலிருந்து நகர்த்திப் பாருங்கள். வெள்ளிக்கிழமை கடைசி ரயில் நேரத்தில் ஷிம்பாஷி நிலையத்துக்கு வாருங்கள். ஆபீஸ் பார்ட்டியில் மேனேஜர் ஊற்ற ஊற்ற மறுக்க முடியாமல் குடித்தவர்கள் கோட்டு, டை, பையோடு படிக்கட்டில் மட்டையாகிக் கிடப்பார்கள். மூச்சு விடாமல் ஒரே மடக்கில் குடிக்க வைக்கிற ‘இக்கி’ பழக்கத்தில் கல்லூரிப் பிள்ளைகள் செத்திருக்கிறார்கள். 24 மணி நேரக் கடைகளில் 9 சதவீத ஆல்கஹால் உள்ள டின்களைத் தண்ணீர் பாட்டில் மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதை வாங்கிப் போய் அறையில் தனியாகக் குடிக்கிறவருக்கு அருகில் தோளும் இல்லை, தட்டும் இல்லை. ஜப்பானிய ரத்தம் அங்கே மட்டும் எங்கே போயிற்று?

ஆயிரம் யென்னுக்குள் போதையேற்றிக்கொள்வதற்கு இங்கே ‘செம்பெரோ’ என்று செல்லமாக ஒரு சொல் இருக்கிறது. அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் எழுத்தாளர் நகஜிமா ராமோ. மலிவுக் கடைகளைத் தேடித் தேடிப் போய் எழுதினார். குடிநோயால் மருத்துவமனையில் கிடந்த அனுபவத்தை வைத்து 1991-ல் ஒரு நாவலும் எழுதினார், பரிசும் வாங்கினார். 2004-ல் குடித்துவிட்டுப் படிக்கட்டில் விழுந்து செத்துப்போனார். வயது 52. அவருக்கு இந்தக் கவுண்டரைப் பற்றி எல்லாம் தெரியும். ஜப்பான்காரன் என்பது அவரைக் காப்பாற்றவில்லை. கவுண்டரும் காப்பாற்றவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். குடிநோய்க்கு வைத்தியம் வேண்டும். தாச்சினோமி வைத்தியசாலை இல்லை.

குடித்துவிட்டு வண்டி ஓட்டாததையும் ஒழுக்கக் கணக்கில் எழுதுகிறார்கள். 2006-ல் ஃபுகுவோகாவில் குடிபோதையில் ஒருவர் ஓட்டிவந்த கார் மோதி, பாலத்திலிருந்து இன்னொரு கார் கடலில் விழுந்து மூன்று குழந்தைகள் இறந்தார்கள். நாடே கொதித்தது. 2007-ல் சட்டம் கடுமையானது. ஓட்டியவருக்கு மட்டுமல்ல, ஓட்டப்போகிறார் என்று தெரிந்தே ஊற்றிக் கொடுத்தவருக்கும், கூட ஏறி உட்கார்ந்தவருக்கும் தண்டனை. அதனால்தான் இன்றைக்குக் கடைக்காரர் “வண்டியா?” என்று கேட்கிறார்.

அரசு புனிதம் என்றும் நினைக்க வேண்டாம். 1899-ல் வீட்டில் சாகே காய்ச்சுவதை ஜப்பான் தடை செய்தது. மது வரி அப்போது அரசுக்கு அவ்வளவு முக்கியம். 2022-ல் இளைஞர்கள் குடிப்பது குறைந்துபோய்விட்டது என்று கவலைப்பட்டு, அதைக் கூட்ட யோசனை சொல்லுங்கள் என்று 20 முதல் 39 வயதுக்காரர்களுக்குப் போட்டி வைத்தது அந்நாட்டு வரித்துறை. வரி என்று வந்துவிட்டால் எல்லா அரசும் ஒரே ஜாதி.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். வராமல் முடியாது, அந்த வாக்கியத்தின் இரண்டாவது பாதி நம்மைப் பற்றியது.

சாகே ஒரு கோ 180 மில்லி. டாஸ்மாக் குவாட்டரும் 180 மில்லி. இந்த ஒற்றுமை எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது, கணக்குப் போட்ட பிறகு இல்லை. சாகேயில் ஆல்கஹால் சுமார் 15 சதவீதம். நம்மூர் பிராந்தியில் 42.8. ஒரு கோவில் சுத்த ஆல்கஹால் 27 மில்லி, குவாட்டரில் 77. எடையில் சொன்னால் சுமார் 22 கிராமும் 60 கிராமும். ஒரு நாளில் ஆணுக்கு 40 கிராம், பெண்ணுக்கு 20 கிராம் என்ற அளவைத் தொட்டாலே நோய் ஆபத்து கூடும் என்று ஜப்பானின் சுகாதார அமைச்சகம் 2024-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. கடைக்குப் போகிற நம் ஆள் முதல் பாட்டிலிலேயே அதைத் தாண்டிவிடுகிறார். அவர் கேட்டது ஒருவேளை அதில் பாதியாக இருக்கலாம். பாதியை அவருக்கு விற்க ஆள் இல்லை.

ஆனால் பாதியை அவர் கண்டுபிடித்தார். அதன் பெயர் கட்டிங். கடை வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் இன்னொருவரிடம் “கட்டிங் போடலாமாண்ணே?” என்று கேட்பார். ஆளுக்குப் பாதிக் காசு, ஆளுக்கு 90 மில்லி. என் கவுண்டரில் நான் வாங்குகிற அரைக் கோவின் அதே அளவு. நம்மாளுக்கு அளவு தெரியாது என்கிறவர்கள் இந்த ஒரு சொல்லுக்குப் பதில் சொல்லட்டும். கொஞ்சமாகக் குடிக்க வேண்டும், காசுக்குள் குடிக்க வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும் என்ற மூன்று ஆசையும் அந்தச் சொல்லில் இருக்கிறது. அதற்கு ஒரு கவுண்டர் கட்டித் தராதது அவர் குற்றமா?

என் சித்தப்பா கோவையில் லேத் பட்டறையில் வேலை செய்தார். ஷிஃப்ட் முடிந்ததும் கடைக்குப் போவார். அவரும் நின்றுதான் குடித்தார், சுவரைப் பார்த்து நின்று. ஒரு பிளாஸ்டிக் டம்ளர், ஒரு வாட்டர் பாக்கெட், பேருக்கு ஒரு ஊறுகாய்ப் பாக்கெட். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்பதால் மூன்று நிமிஷத்தில் முடித்துவிட்டு வெளியே வருவார். கூச்சம் குடியைக் குறைக்கவில்லை, வேகத்தைத்தான் கூட்டியது. 47 வயதில் ஈரல் போய் இறந்தார். சாவு வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சாகப் பேசினார்கள்: “மனக்கட்டுப்பாடு இல்லாத மனுஷன்.” மிக்ரோமீட்டர் இல்லாமல் விரல் நகத்தால் தடவியே இரும்பின் பிசிறைக் கண்டுபிடிக்கிறவர். முப்பது வருடம் ஒரு நாள் லேட்டாகப் போகாதவர். அவரிடம் கட்டுப்பாடு இல்லையாம். யவாத்தாவின் உலைத் தொழிலாளியும் அவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் யார் யாரென்று கையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

2003-லிருந்து தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனை அரசின் கையில் இருக்கிறது. எந்த அளவில், என்ன பலத்தில், எப்படிப்பட்ட இடத்தில் விற்பது என்று முடிவு செய்கிற இடத்தில் அரசே இருக்கிறது. பனையில் இறங்குகிற கள், பலத்தில் சாகேக்கும் குறைவு. அதை விற்கத் தடை. பல மடங்கு பலமுள்ளதை விற்க மேஜை, ஜன்னல், கம்பி வலை. கம்பி வலைக்கு வெளியே கை நீட்டுகிறவனிடம் ஜப்பானியக் கண்ணியத்தை எதிர்பார்க்கிறோம்.

“அப்போ எல்லாரையும் குடிக்கச் சொல்றியா?” என்று கேட்பார்கள். இல்லை. ஒரு சொட்டும் குடிக்காதது உடம்புக்கு நல்லது, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. குடித்துவிட்டு வருகிறவனிடம் அடி வாங்குகிற பெண்கள் கடையை மூடு என்று கேட்டால் எதிர்த்துப் பேச எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் கடை திறந்திருக்கும் வரைக்கும், அந்தக் கடை எப்படி இருக்கிறது என்பது அந்தப் பெண்களையும் பாதிக்கிற கேள்வி. தோஃபுவும் 90 மில்லியும் எடுத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் வெளிச்சத்தில் நாலு பேரோடு பேசிவிட்டு வருகிறவனும், மூன்று நிமிஷத்தில் வெறும் வயிற்றில் 180 மில்லியைக் கவிழ்த்துக்கொண்டு வருகிறவனும் ஒரே மாதிரி வீடு திரும்புவதில்லை.

தாச்சினோமியைச் சொர்க்கம் என்றும் நான் சொல்லவில்லை. நீண்ட காலம் அது ஆண்களின் இடமாகவே இருந்தது, பல கடைகளில் இன்றும் ஒரு பெண் தனியாக நுழைந்தால் பத்துத் தலை திரும்பும். சாகே விற்பனை 1973-ல் உச்சம் தொட்டது, இன்று அதில் கால் பங்குகூட இல்லை. டோக்கியோவின் கிழக்கே தத்தெய்ஷியில், நிலையத்தின் வடக்குப் பக்கம் இருந்த பழைய குடிச்சந்தை 2023-ல் காலி செய்துவிட்டார்கள். அங்கே உயரமான கட்டிடங்கள் வருகின்றன. ரத்தத்தில் இருக்கிற பண்பாடாக இருந்தால் புல்டோசரால் அதை எடுக்க முடியாது. கடையாக இருப்பதால் எடுத்துவிட முடிகிறது. அதே காரணத்தால் இன்னொரு இடத்தில் கட்டவும் முடியும்.

ஆகவே அடுத்த தடவை யாராவது என்னிடம் “ஜப்பான்காரன் கட்டுப்பாடு” என்று ஆரம்பித்தால் நான் கேட்கப்போவது இதுதான். உங்கள் ஊர்க் கடையில் கட்டிங் அளவு விற்கிறார்களா? சூடாகச் சாப்பிட ஒரு தட்டு என்ன விலை? உள்ளே லைட் எரிகிறதா? குடிக்கிறவர் சுவரைப் பார்த்து நிற்கிறாரா, பக்கத்து ஆளைப் பார்த்து நிற்கிறாரா? இதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, பிறகு எங்கள் ஆளின் மனக்கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசுங்கள்.